படகில் ஆள் ஏற்ற மாட்டேன்

அன்று காலை சேலையூருக்கு அப்பால் படகு செய்யும் ஷெட்டில் அத்தை இருந்தாள். அத்தையின் மகன் இருந்தான். எனக்கு மச்சான் முறை. அப்பா, சித்தப்பா, சித்தப்பாவோடு சேர்ந்து வந்த பங்காளிகள் மூன்று பேர் இருந்தார்கள். லாரியோடு நான் இருந்தேன். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாரி முதலாளி. கொழுந்தியா வீட்டு விசேஷம் என்று ஆரணிக்குப் போயிருந்தார். இன்னொருவன் என் கிளீனர். காய்ச்சல் என்று படுத்துவிட்டான். ஆகவே ஏற்றுவது, கட்டுவது, ஓட்டுவது, முடியாது என்று சொல்வது எல்லாம் என் தலையில்.

வண்டி தாம்பரத்தில் சானடோரியம் பக்கம் ஸ்டாண்டில் நிற்கும். பக்கப் பலகை எதுவும் கிடையாது. கேபினுக்குப் பின்னால் மொட்டையாக ஒரு தட்டு, அவ்வளவுதான். கம்பி, குழாய், கிரானைட் பலகை, ஜெனரேட்டர் என்று சாதாரண லாரிக்குள் அடங்காத சாமான் எதுவானாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். பலகை உள்ள வண்டியில் சரக்கு சரிந்தால் பலகையாவது கொஞ்ச நேரம் தாங்கும். எங்கள் வண்டியில் கயிற்றை விட்டால் வேறு நாதி இல்லை.

அதனால் எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. லோடு கட்டிக் கிளம்பினால் ஒன்றிரண்டு மைலுக்குள் வரும் முதல் டீக்கடையில் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். அதற்குக் கயிறு டீ என்று பெயர். என்னதான் இறுக்கிக் கட்டினாலும், வண்டி நாலு குலுக்கு குலுக்கியதும் சரக்கு தன் இடத்தைத் தேடி உட்காரும். உட்கார்ந்ததும் கயிறு தொளதொளத்துப் போகும். அங்கே இறங்கி மறுபடியும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் டீயை வாயில் வைக்க வேண்டும். டீக்குக் காசு சரக்குக்குச் சொந்தக்காரர் கொடுப்பார். சில கம்பிக் கடைக்காரர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். "டீ குடிக்கத்தான் கயிறு அவுக்குறீங்களா?" என்பார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவோம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். பன்னிரண்டாவதும் முடித்து, தபாலில் பி.காம். சேர்ந்திருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் கோவளத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது, என்னைச் சேர்க்கப் போன அன்று மட்டும். படித்த பையன் பேன்ட் போட்டு ஏதாவது ஆபீசில் உட்காருவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் லாரி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. உயரத்தில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஆனால் அத்தைக்கு மட்டும் ஆறவே இல்லை. "அம்மாம் படிச்சும் இன்னா, கையில கிரீஸுதானே" என்பாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. விடியற்காலையில் கோவளத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறித் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து விற்பவள். மாமா இறந்து வெகு நாளாகியிருந்தது. அவர் விட்டுப்போன கட்டுமரத்தைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு மச்சான் அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். நிவாரணமாகக் கிடைத்தது பாதி, அத்தை மீன் விற்றுச் சேர்த்தது பாதி என்று இரண்டு வருஷம் கழித்து ஒரு ஃபைபர் படகுக்குச் சொல்லியிருந்தார்கள். அதுதான் அன்று ஷெட்டில் நீலமும் வெள்ளையுமாகப் பளபளவென்று நின்றது. இனி மச்சான் சொந்தப் படகில் போவான். அத்தை அதன் மூக்கில் மஞ்சள் தடவி, ஒரு முழம் கனகாம்பரம் சுற்றியிருந்தாள்.

எங்கள் குப்பத்தில் புதுப்படகு ஆளில்லாமல் ஊருக்குள் வரக் கூடாது. காலியாக வந்த படகு கடலிலிருந்தும் காலியாகத்தான் திரும்பும் என்று ஒரு பயம். முன்பெல்லாம் படகு கடல் வழியாகவே வரும். ஆள் இல்லாமல் எப்படி வரும்? இப்போது படகு ரோட்டில் வருகிறது. வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. வருகிறவர்கள் படகுக்குள் உட்கார்ந்து, வெடி போட்டுக்கொண்டு வருவார்கள். மற்ற லாரிகளில் அப்படி வந்ததை நானே சின்ன வயதில் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஷெட்டின் உத்தரத்தில் செயின் பிளாக் தொங்கியது. அதில் படகைத் தூக்கினார்கள். நான் வண்டியை ரிவர்ஸில் அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். படகு மெதுவாகத் தட்டின் மேல் இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள் சித்தப்பா உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பங்காளிகள் பின்னாலேயே ஏறினார்கள். அப்பாவும் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். மச்சான் எஞ்சினைத் தூக்கி உள்ளே கொடுக்க, அதோடு வலை மூட்டை, ஒரு டீசல் கேன்.

"சித்தப்பா, இறங்குங்க" என்றேன்.

"ஏன்டா, சாமி கும்புடணுமா?"

"இல்ல. படகுல ஆள் ஏத்த மாட்டேன். எஞ்சினும் அதுக்குள்ள வேணாம்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அலையில நின்னுகினு வலை இழுக்குறவன்டா நானு. மேடவாக்கம் ரோட்டுல வுழுந்துடுவேனா?"

"கடல்ல வுழுந்தா கீழ தண்ணி சித்தப்பா. இங்க கீழ தார் ரோடு. பின்னாடி பஸ்ஸு வரும்."

"நல்லா வாய் வச்சுகினு கீறான்யா" என்றார் ஒரு பங்காளி.

எனக்கு அப்போது எங்கள் ஸ்டாண்டு லோடுமேன் ஒருவர் நினைவுதான். பாரத்தின் மேல் உட்கார்ந்தே இருபது வருஷம் போனவர். பெருங்களத்தூரில் ஒரு நாய் குறுக்கே வந்து வண்டி பிரேக் அடித்தபோது மூட்டையோடு மூட்டையாகக் கீழே விழுந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை, இடுப்பு போனது. இப்போது ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். அவர் பழக்கம் இல்லாமல் விழவில்லை. அவர் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடியில் இருந்த மூட்டை நகர்ந்தது. நாற்காலி நன்றாக இருந்து வீடு நகர்ந்தால் என்ன செய்வது? ஆனால் இதையெல்லாம் விளக்குகிற மாதிரி அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா மருமவனே, என் படகு காலியா போவணுமா?"

"கேபின்ல நீங்களும் மச்சானும் உக்காருங்க அத்தே. மத்தவங்க பஸ்ல வரட்டும்."

"கேபின்ல உக்காந்தா படகுல உக்காந்த மாதிரியா?"

"ரூல் இருக்கு அத்தே. சரக்கு மேல ஆள் ஏத்தக் கூடாது."

"பொஸ்தவத்துல போட்டுகீதா?"

"போட்டிருக்கு."

"அப்ப அந்தப் பொஸ்தவத்தையே படகுல குந்த வை. நாங்க நடந்து வரோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷெட் வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அத்தை விடவில்லை. என் செல்போனை வாங்கி, முதலாளிக்குப் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். ஆரணியில் நாதஸ்வரம் கேட்டது. அத்தை தன் கதையைக் கட்டுமரத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலாளி இளகிய மனசுக்காரர். போன் என் கைக்கு வந்தபோது, "பாவம்பா, ஏத்திக்கோ. மெதுவா பாத்துப் போயிடு" என்றார்.

"மெதுவா போனா போதாது சார். பழைய மகாபலிபுரம் ரோடு பூரா தோண்டிப் போட்டிருக்கான்."

"நான் சொல்றேன்ல."

"வண்டி உங்களுது சார். ஆனா ஆள் உக்காந்தா நான் எடுக்க மாட்டேன். வேற டிரைவர் அனுப்புங்க."

"நாளைக்கு வா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். வேலை போகும் என்றே நினைத்தேன். போனைச் சாவியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தையின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவள் திட்டவில்லை. படகின் மூக்கில் கை வைத்தபடி, "ரெண்டு வருசம்டா" என்றாள். அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது அப்பா படகின் விளிம்பைப் பிடித்து, காலைத் தொங்கவிட்டு, தொப்பென்று குதித்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எந்த பஸ்ஸுடா?"

அவ்வளவுதான் கேட்டார். அப்பாவுக்கு நம்பர் படிக்க வராது. நான் எழுந்து நின்று சொன்னேன். "கேம்ப் ரோட்டுல ஷேர் ஆட்டோ நைனா. மேடவாக்கம் கூட்டு ரோட்டுல இறங்கி, சோழிங்கநல்லூர் பஸ் எதுன்னு கண்டக்டரைக் கேளுங்க. அங்கேர்ந்து கோவளத்துக்கு நம்ம ஊர் பஸ்ஸு, உங்களுக்கே தெரியும்."

அப்பா மேலே பார்த்து, "டேய், எறங்குங்கடா. அவன் எடுக்க மாட்டான்" என்றார். அதில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. மழை வருகிறது, உள்ளே வா என்கிற மாதிரி சொன்னார். சித்தப்பா கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினார். "படிக்க வச்சது தப்பு" என்று சொல்லிக்கொண்டே தெருமுனை திரும்பினார்.

பிறகு வேலை. படகின் அடி தட்டையானது இல்லை. அப்படியே வைத்தால் தட்டின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பழைய டயர்களை அண்டக் கொடுத்து, இடுக்கில் மணல் மூட்டைகளைத் திணித்தேன். கயிறு விளிம்பில் நேராக அழுந்தினால் ஃபைபர் விரிசல் விடும். அதனால் கயிறு படும் இடமெல்லாம் கோணிப்பை மடித்து வைத்தேன். எஞ்சினைத் தட்டின் முன்பக்கம், கேபினை ஒட்டிக் கிடத்தி, அதற்குத் தனியாகச் சங்கிலி போட்டேன். வலை மூட்டையையும் டீசல் கேனையும் படகுக்குள் பலகையோடு சேர்த்துக் கட்டினேன். படகின் பின்பகுதி வண்டியைத் தாண்டி ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணியைத் தேடினேன். அத்தை மீன் கூடைக்கு அடியில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்துக் கொடுத்தாள். சிவப்புதான்.

கிளீனர் இல்லாததால் இடது பக்கக் கயிறுகளை மச்சான் கட்டினான். அவன் கை வேகம் எனக்கு வராது. நான் ஒன்று முடிப்பதற்குள் அவன் மூன்று போட்டுவிட்டான். முடிச்சுகளும் பார்க்க அழகாக இருந்தன.

கேபினில் ஜன்னலோரம் அத்தை, நடுவில் மச்சான். மேடவாக்கம் வருவதற்கு முன்பு ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

"இப்ப இன்னா?" என்றாள் அத்தை.

"கயிறு டீ அத்தே. காசு நீங்கதான் குடுக்கணும்."

"இதுவும் பொஸ்தவத்துல கீதா?"

"இது எங்க ஸ்டாண்டு வழக்கம்."

"ஓகோ. உன் வழக்கம்னா ஆவும், என் வழக்கம்னா ஆவாது." சொல்லிவிட்டு இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

வலது பக்கம் இழுத்துப் பார்த்தேன், கொஞ்சம்தான் தளர்ந்திருந்தது. இடது பக்கம் போனேன். மூன்று கயிறும் ஊஞ்சல் மாதிரி ஆடின. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை; கல் மாதிரி இருந்தது. ஆனால் விளிம்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்தது.

"மச்சான், இங்க வா. என்ன இது?"

அவன் பார்த்தான். முதலில் தப்பு எது என்றே அவனுக்குத் தெரியவில்லை. "சரியாத்தானே கீது? கொஞ்சம் வுட்டுக் கட்டிகீறேன்."

"ஏன் வுட்டே?"

"அலைக்கு" என்று சொல்லிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கரையில் படகைக் கட்டுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் விட்டுத்தான் கட்டுவார்கள். இறுக்கிக் கட்டினால் அலை எழும்பும்போது கயிறு அறும், இல்லை படகு உடையும். விட்டுக் கட்டினால் படகு ஏறி இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். அவன் கைக்கு அதுதான் தெரியும்; படகைத் தொட்டதும் கை அதைக் கடலில் இருப்பதாகவே நினைத்துவிட்டது. லாரி மேல் அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. படகுக்கு ஒரு சாண் இடம் கிடைத்தால் அது ஒரு சாண் தூரம் ஓடி வந்து முட்டும்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. முடிச்சின் அழகைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் கிளம்பியிருந்தேன். கயிறு டீ என்ற வழக்கத்தை உண்டாக்கியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். இரண்டு பேரும் காலை டயரில் ஊன்றி, மூன்றையும் புதிதாக இழுத்துக் கட்டினோம். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி தன் டீயைக் குடித்தாள்.

சோழிங்கநல்லூரில் திரும்பிப் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஏறினோம். கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ரோடு ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்து, எங்கே எது வழி என்று அங்கே நின்ற போலீஸ்காரருக்கே தெரியாது. நாவலூரில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். படகைப் பார்த்துக் கை காட்டினார்கள். மச்சானும் சந்தோஷமாகக் கை காட்டினான். அத்தை அவன் கையைத் தட்டிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு தண்ணீர் லாரி சிக்னல் போடாமல் எனக்கு முன்னால் உள்ளே நுழைந்தது. பிரேக்கை மிதித்தேன். அதே சமயம் முன்சக்கரம் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் இறங்கியது. பின்னால் ஒரு பெரிய சத்தம். தட்டு முழுக்க அதிர்ந்தது. அத்தை டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியையே பார்த்தாள்.

வண்டியை ஓரம் கட்டி மூன்று பேரும் இறங்கினோம். ஒரு டயர் பிதுங்கி வெளியே வந்திருந்தது. ஒரு மணல் மூட்டை பிய்ந்து மணல் ஒழுகியது. படகு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கனகாம்பரம்கூட அப்படியே. நான் டயரை உள்ளே உதைத்துச் சரிசெய்து, கயிறுகளை இன்னொரு தடவை இழுத்தேன். மச்சான் தட்டின் மேல் ஏறிப் படகுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே கட்டாமல் விட்டது ஒரே ஒரு சாமான்: பூசைக்கு வாங்கிய தேங்காய். சித்தப்பா உட்கார்ந்த பலகை மேல் வைத்திருந்தார்கள். அதைக் காணோம். ரோட்டில் பின்னால் பார்த்தோம். அங்கேயும் இல்லை.

அத்தை கையை நீட்டிப் படகின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கேளம்பாக்கம் வரை பக்கக் கண்ணாடியில் படகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"ரோடு வேற, மண்ணு வேற."

"என்ன அத்தே?"

"ரோட்டுல காலியா வந்தா ஒண்ணும் இல்ல. ரோடு நம்ம ஊரா? நம்ம மண்ணுல கால் வைக்கும்போது ஆள் இருந்தா போதும். நான் ஏறிக்கிறேன்."

"மணல்ல வண்டி போகாதே அத்தே."

"உன் வண்டிய யாரு கேட்டா? தூக்குறதுக்கு ஆள் இல்லியா?"

குப்பத்துக்குள் போகும் தார் ரோடு முடிகிற இடத்தில் அப்பா, சித்தப்பா, பங்காளிகள் எல்லாரும் எங்களுக்கு முன்னாலேயே வந்து, ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா கையில் சோடா. "இன்னாடா டிரைவரு, பஸ்ஸு உன்னைவிட ஃபாஸ்ட்டு" என்றார். கோபம் எல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஜன்னலோர சீட் கிடைத்திருக்கிறது.

கரையிலிருந்து இருபது முப்பது பேர் வந்தார்கள். படகை இறக்கி, கழிகளைக் கொடுத்துத் தூக்கத் தயாரானார்கள். அத்தை செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே ஏறி, நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் படகில் ஆண்கள் உட்கார்ந்து வந்துதான் பார்த்திருக்கிறார்கள். ஒரு கணம் எல்லாரும் தயங்கினார்கள். அப்பா முதல் கழியில் தோளைக் கொடுத்தார்.

"தூக்குங்கடா" என்றாள் அத்தை மேலிருந்து.

"அக்கா, கூடையையாவது எறக்கி வையேன். கனம் தாங்கல" என்றார் சித்தப்பா.

"ஆம்பள கனத்துக்கு நான் தேவலாம். மூடிகினு நட."

நானும் ஒரு கழிக்குத் தோள் கொடுத்தேன். தோளில் பாரம் அழுந்த, மணலில் கால் புதைய, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மேலே அத்தை நேராகக் கடலைப் பார்த்தபடி வந்தாள். தண்ணீர் ஓரத்தில் இறக்கியதும் மச்சான் படகைக் கட்டினான். கொஞ்சம் விட்டுத்தான் கட்டினான். இந்தத் தடவை அதுதான் சரி.

மறுநாள் ஸ்டாண்டில் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆள் ஏத்தலியாமே?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றார். "படகு?" "நல்லா போய்ச் சேந்துச்சு சார்." "சரி, ஊரப்பாக்கத்துல கம்பி லோடு கீது, போ" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அத்தைதான் பேசினாள். அடுத்த வாரம் தாம்பரம் மார்க்கெட்டில், சங்கரா மீனை வெட்டியபடியே, என்னை நிற்க வைத்துக் கணக்குச் சொன்னாள். அஞ்சு பேருக்கு ஷேர் ஆட்டோ, ரெண்டு பஸ், மூணு கயிறு டீ, சித்தப்பாவோட சோடா, போன தேங்காய். மருமகன் ரூல் பேசியதால் ஆன செலவு என்று பக்கத்துக் கடைக்காரிகளுக்கும் கேட்கிற மாதிரி, விரல் விட்டுக் கூட்டி அவள் சொன்ன தொகை, மொத்தம் நூறு ரூபாய்.